ஏழைக்கு ஏன் கூடுதல் கட்டணம்?



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் கல்லூரிக் கட்டணம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வீடு பேசப்படுகிற பொருள் இது. ஒரு குடும்பத்தின் வருமானத்துக்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை கட்டுகிற கட்டணத்துக்கும் என்ன தொடர்பு? வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்டுவார், வசதி இல்லாதவர் குறைவாகக் கட்டுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள், உதவித்தொகை கொடுக்கிறார்கள், சலுகை அறிவிக்கிறார்கள். அப்படியானால் அப்படித்தானே இருக்க வேண்டும்? இல்லை. நான் சொல்ல வந்திருப்பது இதற்கு நேர்மாறானது. நம் ஏற்பாட்டில் குடும்பத்தின் வருமானம் குறையக் குறைய, பிள்ளை கட்ட வேண்டிய தொகை பல நேரங்களில் கூடுகிறது. வருமானம் நேரடியாகக் கட்டணத்தைத் தீர்மானிப்பதில்லை. எந்த இடம் கிடைக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. கட்டணத்தைத் தீர்மானிப்பது அந்த இடம்.

மருத்துவப் படிப்பை எடுத்துக்கொள்வோம். 2020-21ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர் ஓராண்டுக்குக் கட்டிய தொகை 13,610 ரூபாய். தனியார் மருத்துவக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சுமார் 4 லட்சம். அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீடு என்றால் 12 லட்சத்தைத் தாண்டும். ஒரே பாடம், ஒரே பல்கலைக்கழகப் பட்டம், ஒரே வெள்ளைக் கோட்டு. கட்டணம் மட்டும் மூன்று விதம். அரியலூருக்குப் பக்கத்து மாவட்டத்தில், சிதம்பரத்தில் இருக்கிற ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் கதை இன்னும் வேடிக்கை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட பிறகும் அங்கே எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம். அரசுக் கல்லூரி, ஆனால் தனியார் கட்டணம்! மாணவர்கள் 2020 டிசம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள். ஐம்பது நாட்களுக்கு மேல் போராடிய பிறகு, 2021 ஜனவரி இறுதியில் அந்தக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணமும் 13,610 ஆனது. சுவர் மாறவில்லை, பேராசிரியர் மாறவில்லை, பாடநூல் மாறவில்லை. ஓர் அரசாணையில் 5 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் குறைந்தது. கட்டணம் என்பது படிப்பின் விலை என்று யாராவது உங்களிடம் சொன்னால், சிதம்பரத்தைக் காட்டுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த 13,610 ரூபாய் இடத்தில் போய் உட்காருகிறவர் யார்? மதிப்பெண் பெற்றவர். மதிப்பெண் எங்கிருந்து வருகிறது? உழைப்பிலிருந்து வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே உழைப்பை இரண்டு ஆண்டுப் பயிற்சி மையமும், ஒரு முறை தவறினால் இன்னொரு வருடம் வீட்டில் இருந்து படிக்கிற வசதியும் பெருக்கிக் கொடுக்கின்றன. செந்துறைப் பக்கத்துக் கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்த இன்னொரு வருடம் கிடையாது. குழுமூர் மாணவி அனிதாவை இந்த மண்ணில் நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியின் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் 1,200க்கு 1,176 எடுத்தவர். நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. பிள்ளை ஒருவரே, ஊர் ஒன்றே, தந்தையின் சுமை தூக்கும் வேலையும் ஒன்றே. அளவுகோல் மாறியதும் இடம் போயிற்று. நீட் வந்த பிறகு குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளும், தமிழ்வழி மாணவர்களும், முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் மருத்துவக் கல்லூரிகளில் குறைந்தார்கள் என்று நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் அறிக்கை கொடுத்தது.

இதை நீட்டோடு நிறுத்திவிட வேண்டாம். இந்த நோய் நீட்டுக்கு முந்தையது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஏற்பாடு செய்தது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடம் இலவச இடம், பாதி இடம் கட்டண இடம். கட்டண இடத்தில் சேர்கிறவர் செலுத்தும் பணம் இலவச இடத்தாரையும் தாங்கும் என்பது கணக்கு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! நடந்தது என்ன? 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த ஏற்பாட்டை நீக்கியபோது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. இலவச இடங்களைப் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள், ஏனென்றால் நல்ல பள்ளியும் நல்ல வீட்டுச் சூழலும் அவர்களுக்கு இருந்தன. வசதி குறைந்தவர்கள் கட்டண இடத்துக்குப் போய்க் கூடுதலாகக் கட்டினார்கள் என்பதே அது. அதாவது இல்லாதவர் வீட்டுப் பணம் இருப்பவர் வீட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்தது. அந்த ஏற்பாடு போய்விட்டது. ஆனால் அந்தத் திசை மாறிவிட்டதா? பொறியியலைப் பாருங்கள். கிண்டிக் கல்லூரியில் அரசுக் கட்டணம். அங்கே நுழைய வேண்டிய கட்-ஆஃப் உங்களுக்குத் தெரியும். சுயநிதிக் கல்லூரியில் கலந்தாய்வு இடத்துக்கே 2017இல் குறித்த கட்டணம் 50,000. தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. கட்-ஆஃப் குறையக் குறையக் கட்டணம் ஏறுகிறது. கட்-ஆஃப் யாருக்குக் குறைகிறது என்று நான் மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வருமானத்தைப் பார்த்து நேராகக் கட்டணம் வாங்குகிற இடமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, நமக்கு அருகிலேயே, துவாக்குடியில். திருச்சி என்.ஐ.டி. உட்பட எல்லா என்.ஐ.டி.களிலும் 2016இல் ஆண்டுக் கல்விக் கட்டணம் 70,000த்திலிருந்து 1.25 லட்சமாக உயர்ந்தது. கூடவே ஒரு விதி வந்தது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் கட்டணம் இல்லை. 1 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. அதற்கு மேல் முழுக் கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத் திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. நல்ல விதிதான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 5 லட்சம் வருமானம் உள்ள வீடு கட்டுவது சுமார் 41,700 ரூபாய். அந்த வீட்டு வருமானம் ஓர் ஆயிரம் கூடிவிட்டால் கட்ட வேண்டியது 1,25,000. வருமானத்தில் ஆயிரம் ஏற, கட்டணத்தில் 83,000 ஏறுகிறது! இப்படிப்பட்ட கோட்டை வரைந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எல்லாம் இந்தப் பக்கம் வர வழி தேடமாட்டாரா? இத்தாலி நாட்டில் 2016இல் செய்த சட்டம் இதையே வேறு விதமாகக் கையாண்டது. குடும்பப் பொருளாதாரக் குறியீடு 13,000 யூரோ வரை இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லை என்றது அன்றைய சட்டம். 30,000 யூரோ வரை, 13,000த்துக்கு மேல் இருக்கிற தொகையில் 7 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. நூறு யூரோ கூடினால் ஏழு யூரோ கூடும், அவ்வளவுதான். கோடு இல்லை, சரிவு இருக்கிறது. துவாக்குடியில் அப்படிச் செய்ய என்ன தடை?

ஒரு தடை உண்டு, நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் வீட்டின் வரிக் கணக்கும் சொத்துக் கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன. நம் ஊரில் என்ன இருக்கிறது? இ-சேவை மையத்தில் விண்ணப்பம், வி.ஏ.ஓ. விசாரணை, ஆர்.ஐ. பரிந்துரை, தாசில்தார் ஒப்புதல். அந்தத் தாளில் 72,000 என்ற எண் எத்தனை முறை வருகிறது என்று இங்கே அமர்ந்திருக்கிற ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஆறாயிரம், பெருக்கல் பன்னிரண்டு. ஏன் அப்படி எழுதுகிறார்கள்? கணவனும் மனைவியும் நாளுக்குத் தலா 500 ரூபாய்க் கூலிக்கு, ஆண்டில் 200 நாள் வேலைக்குப் போனால் வருமானம் 2 லட்சம். நூறு நாள் வேலையையும் சேர்த்தால் உதவித்தொகைக்கான 2.5 லட்சக் கோடு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும், என்.ஐ.டி.யின் 1 லட்சக் கோடோ எப்போதோ தாண்டிப்போயிற்று. கூலிக் குடும்பத்தை ஏழை இல்லை என்று சொல்கிற கோட்டை வைத்துக்கொண்டு, உண்மையை எழுது என்று வி.ஏ.ஓ.விடம் சொல்வதில் என்ன நியாயம்? மறுபக்கம் பாருங்கள். வேப்பந்தட்டையில் ஐந்து ஏக்கர் மக்காச்சோளம் போட்டவரின் வருமானம் என்ன? படைப்புழு விழுந்த வருடம் ஒன்று, மழை வந்து விலையும் நின்ற வருடம் ஒன்று. சின்ன வெங்காயத்தின் விலையை நம்பி வருமானம் எழுத எந்தத் தாசில்தாராலும் முடியாது. அரியலூர் சிமென்ட் ஆலையில் மாதச் சம்பளம் வாங்குகிறவரின் வருமானம் சம்பளச் சீட்டில் ரூபாய் பைசாவோடு தெரிகிறது. அதே ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற நாலு லாரிக்கு உரிமையாளரின் வருமானம் அவருக்கு மட்டுமே தெரியும். சான்றிதழை நம்பிக் கட்டணம் நிர்ணயித்தால், மறைக்க முடியாதவர்தான் கட்டுவார்.

தமிழ்நாடு வேறொரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது என்பது என் வாதம். வருமானம் எவ்வளவு என்று கேட்பதை விட்டு, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்கிற வழி. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமாக வந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 சதவீதம், அரசு கொடுத்தது 7.5. முதல் ஆண்டிலேயே என்ன நடந்தது தெரியுமா? தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், லட்சங்களைக் கட்ட வழியில்லாமல் கலந்தாய்வு அரங்கிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய பிள்ளைகள் இருந்தார்கள். இடம் கொடுத்துக் கட்டணத்தை விட்டுவைத்தால் அது இடமே இல்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. அந்த ஆண்டு நவம்பரிலேயே கட்டணத்தை அரசு ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. 2021இல் ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளுக்கு விரிந்தபோது கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசு ஏற்றது. 2022 செப்டம்பரில் வந்த புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கின்றன. இரண்டிலும் வருமான வரம்பு கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கிற குடும்பம் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு ஏழு ஆண்டு வருகைப் பதிவேடு சாட்சி. அதைப் போலியாகத் தயாரிப்பது ஒரு தாளில் 72,000 என்று எழுதுவது போல எளிதல்ல.

இங்கே ஒரு மறுப்பு வரும். லாரி உரிமையாளர் மகனும் அரசுப் பள்ளியில் படித்தால் அவனுக்கும் இலவசமா? ஆம், அவனுக்கும்தான். அப்படி நாலு வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஆண்டிமடத்து அரசுப் பள்ளிக்கு வந்தால், கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கேட்க நாலு பெற்றோர் கூடுதலாக வருவார்கள். அதை நான் நஷ்டமாகக் கருதவில்லை. வசதி உள்ளவரிடம் வாங்க வேண்டியதை வரியாக வாங்குங்கள், பிள்ளையின் சேர்க்கைப் படிவத்தில் வாங்க வேண்டாம். வருமான வரம்பைக் கதவாக வைத்துப் பார்த்த அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. எம்.ஜி.ஆர். அரசு 1979இல் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அடி விழுந்தது. வரம்பு போனது, ஒதுக்கீடு 31இலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. அதைத் தேர்தல் பயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. பயம் இருந்திருக்கலாம். ஆனால் சமூகத்தில் பின்தங்கியிருப்பதைச் சம்பளத்தால் மட்டும் அளக்க முடியாது என்று வாக்காளர் உணர்ந்திருந்ததையும் நான் அதில் பார்க்கிறேன்.

இன்னொரு மறுப்பு, இந்த வழியிலும் ஓட்டை இருக்கிறது என்பது. இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-11இலிருந்து, குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை. சாதியும் கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. எத்தனை வீடுகளில் விளக்கேற்றிய திட்டம்! ஆனால் அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா பட்டம் வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை. அக்கா பட்டம் வாங்கியதால் அப்பாவின் முந்திரித் தோப்பில் ஒரு மரமாவது கூடியதா? வீட்டு வருமானம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கட்டணம் மட்டும் ஏறிவிட்டது. பல வீடுகளில் இதனால் யாரை முதலில் அனுப்புவது என்று கணக்குப் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் பெண் பிள்ளை தோற்கிற அபாயம் உண்டு. ஒரு தலைமுறைக்கு என்று கொடுக்க வேண்டியதை ஓர் ஆளுக்கு என்று கொடுத்ததால் வந்த வினை இது. சரிசெய்ய ஓர் அரசாணை போதும்.

இதுவரை கல்விக் கட்டணம் பற்றிப் பேசினேன். ஆனால் அரியலூர், குரும்பலூர், வேப்பந்தட்டை அரசுக் கலைக் கல்லூரிகளில் கல்விக் கட்டணம் என்ற இனமே நீக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அங்கே வருமானம் ஒரு பொருட்டே இல்லையா? அங்கேதான் அது வேறு வேடத்தில் வருகிறது. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம், கைப்பேசி, அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலைக்குப் போயிருந்தால் அந்தப் பையன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கக் கூடிய கூலி. கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் வெட்டப்பட்ட கல்வெட்டு, 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நிலம் ஒதுக்கி, மாணவருக்கு நாள்தோறும் நெல் அளந்ததைச் சொல்கிறது. கட்டணம் வாங்காமல் விடுவதோடு நில்லாமல் சோறும் போட வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. யாருக்குப் போட்டார்கள் என்று கேட்டால் கதை வேறு. வேதம் ஓதும் உரிமை பெற்ற ஒரு பிரிவுக்கு மட்டும். முறையை எடுத்துக்கொள்வோம், அந்தக் கதவை விட்டுவிடுவோம்.

பணம் எப்போது வருகிறது என்பதும் எவ்வளவு வருகிறது என்பதைப் போலவே முக்கியம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதற்கு 59,048 கோடி ஒதுக்கி, 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநிலம் என்று பிரித்தது. மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே வரும், மாணவர் அதைக் கல்லூரியில் கட்ட வேண்டும். ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது ஜூனில், ஜூலையில். பெரம்பலூர் மானாவாரிக் காட்டில் அது விதைக்கும் உரத்துக்கும் கையில் இருப்பதை எல்லாம் இறைக்கிற காலம். அறுவடை தை மாதம். உதவித்தொகை அதற்கும் பிந்தி வந்தால் நடுவில் யார் கொடுப்பார்? வட்டிக்காரர் கொடுப்பார். காகிதத்தில் இலவசமாகப் படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் வட்டி ஓடும்.

கடைசியாக, கல்விக் கடன். இவ்வளவு சொல்கிறீர்களே, வங்கிக் கடன் இருக்கிறதே என்பார்கள். பிணையின்றி 7.5 லட்சம் வரை கிடைக்கும் என்பது விதி. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அந்தத் திட்டம் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்குத்தான். மறுபடியும் அதே கதை: நல்ல இடம் பிடித்தவருக்கு மலிவான கடன், பிடிக்காதவருக்கு விலை கூடிய கடன். கடன் பத்திரத்தில் அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார்; வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தவணை தொடங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியா 1989இல் வேறு ஏற்பாடு செய்தது. படிக்கும்போது கட்ட வேண்டாம். படித்தவரின் சொந்த வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அப்பாவின் வருமானத்தை அவர்கள் கேட்கவே இல்லை. அதுவும் குறையில்லாத முறை அல்ல. ஆனால் யாருடைய வருமானத்தைப் பார்ப்பது என்ற கேள்வியை அது சரியாகக் கேட்டது.

ஆகவே, அடுத்த முறை இந்த ஊருக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் உதவித்தொகை எவ்வளவு கூட்டுவீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அரசுக் கட்டணத்தில் மருத்துவ இடங்கள் எத்தனை கூட்டுவீர்கள் என்று கேளுங்கள். அரியலூருக்கு 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது, 150 இடங்களோடு. பெரம்பலூர் மாவட்டத்தில் இருப்பது தனியார் மருத்துவக் கல்லூரி. அரசுக் கல்லூரி இன்னும் இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5ஐ ஆணையம் சொன்ன பத்தாக்க என்ன தடை என்று கேளுங்கள். அக்கா படித்த வீட்டில் தம்பிக்கு ஏன் சலுகை இல்லை என்று கேளுங்கள். என்.ஐ.டி.க்கு 2016இல் போட்ட 1 லட்சக் கோடு இத்தனை விலைவாசி ஏற்றத்துக்குப் பிறகும் ஏன் அங்கேயே நிற்கிறது என்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் நேரம் கேட்டால், ஜூன் மாதத்துக்குள் வேண்டும் என்று சொல்லுங்கள்.